அசலா, மாற்றா, பழையதா? எல்லையோரத்தில் சார்ஜர், கேபிள், பவர் பேங்க் வாங்குவோருக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சார்ஜர் வாங்கப் பல வழி உண்டு. ஊர்க் கடை இருக்கிறது, பொள்ளாச்சி இருக்கிறது, பாலக்காடு இருக்கிறது, கோவை காந்திபுரம் இருக்கிறது, ஆன்லைன் இருக்கிறது. இவை போதாதென்று வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மச்சானோ சித்தப்பாவோ கொடுத்துவிட்டுப் போனதும் அலமாரியில் கிடக்கும். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைப்பார்: ஒன்று கம்பெனி ஒரிஜினல், ஒன்று அதில் பாதி விலை, இன்னொன்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பழையது. எதை எடுப்பது?

பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பழுதானால் கூடவே எது போகும்? எச்.டி.எம்.ஐ. கேபிள் கெட்டால் படம் வராது, அவ்வளவுதான். மெமரி கார்டு கெட்டால் கல்யாணப் படங்கள் போகும். சார்ஜர் கெட்டால் போன் போகலாம், பவர் பேங்க் கெட்டால் வீடு போகலாம். கெட்டால் அதோடு முடிகிற பொருளுக்கு மலிவானதோ பழையதோ போதும். மின்சாரத்தையும் பேட்டரியையும் தொடுகிற பொருளில் காசு பார்க்கக் கூடாது. மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

சார்ஜர்

இங்கே மூன்றல்ல, நான்கு வகை. போன் கம்பெனியின் சார்ஜர் முதல் வகை. சார்ஜர், கேபிள் செய்வதையே தொழிலாகக் கொண்ட, சொந்தப் பெயரில் வாரண்டி தருகிற கம்பெனிகளின் சரக்கு இரண்டாவது. பெயர் தெரியாத லோக்கல் மூன்றாவது. பெரிய கம்பெனியின் லோகோவைப் போட்டு விற்கிற 'ஃபர்ஸ்ட் காப்பி' நான்காவது. பலரும் நான்காவதை மூன்றாவதைவிட மேல் என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மேலே ஒட்டிய பெயரே பொய் என்றால், வாட், வோல்ட், முத்திரை எதையும் நம்ப முடியாது.

இரண்டாவது வகைதான் பெரும்பாலானோருக்குச் சரி. ஆனால் வாங்கும் முன் கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

முதலாவது ஆர் எண். இந்தியாவில் விற்கிற மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், பவர் பேங்க் எல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கான ஆணை வந்தது 2012இல். பதிவு பெற்ற பொருளின் உடம்பில், பெட்டியில் மட்டுமல்ல, ஒரு முத்திரையும் ஐ.எஸ். எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் எட்டு இலக்கமும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். வருகிற விவரத்தில் தயாரிப்பாளர் யார், என்ன பொருள், எந்தப் பிராண்ட் என்ற மூன்றும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் வந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வேறொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சடித்திருந்தாலும் எண் வரும், பொருள்தான் வேறாக இருக்கும்.

இரண்டாவது பெருக்கல் கணக்கு. சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் அவுட்புட் போட்டிருக்கும். 9 வோல்ட், 2.22 ஆம்பியர் என்றால் 20 வாட். பெட்டியில் 65 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்து, உடம்பில் அதிகபட்சம் 9 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருந்தால் அது 18 வாட் சார்ஜர்தான். இரண்டு மூன்று போர்ட் இருந்தால், பெட்டியில் இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு போர்ட்டில் மட்டும் செருகினால் எவ்வளவு, இரண்டில் செருகினால் எவ்வளவு என்று தனித்தனியே எழுதியிருக்கிறதா பாருங்கள்.

உங்கள் போனுக்கு என்ன பாஷை தெரியும் என்பதும் முக்கியம். ஐபோனுக்கு யூ.எஸ்.பி. பி.டி. என்ற பொதுவான வேகச் சார்ஜ் முறை உள்ள 20 வாட் சார்ஜர் போதும், யார் செய்ததானாலும் சரி. சாம்சங் 25 வாட் ஏற வேண்டுமென்றால் பி.டி. மட்டும் போதாது, வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றிக் கொடுக்கும் பி.பி.எஸ். என்பதும் இருக்க வேண்டும். அது இல்லாத சார்ஜரை வாங்கிவிட்டு மெதுவாக ஏறுகிறதே என்று கேபிளைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மீ போன்களின் சூப்பர்வூக் வேகம் அவர்களுடைய சார்ஜரும் அதற்கேற்ற கேபிளும் இருந்தால்தான் முழுதாக வரும். இந்தப் போன்களுக்கு மட்டும் கம்பெனி சார்ஜருக்கே காசு கொடுப்பது நியாயம். மற்ற சார்ஜரிலும் ஏறும், இரவு போட்டுக் காலையில் எடுப்பவருக்கு அது ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சூடாவது இயல்பு. ஐந்து விநாடி கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை, சீறும் சத்தம் இதில் எது வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் துள்ளினால், தொட்ட இடத்தை விட்டு வேறெங்கோ திறந்தால், சார்ஜர் கொடுக்கும் மின்சாரம் சுத்தமாக இல்லை என்று பொருள். திரை கெடவில்லை, சார்ஜர்தான் மோசம்.

உலோக உடம்புள்ள கருவியைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் லேசாக விறுவிறு என்று இருப்பது இரண்டு பின் உள்ள நல்ல சார்ஜரிலும் உண்டு. உள்ளே மின்சாரப் பக்கத்தையும் போன் பக்கத்தையும் இணைக்கிற ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு அது. நல்ல சார்ஜரில் அந்த இடத்துக்கென்றே செய்த 'ஒய்' வகைக் கெப்பாசிட்டர் இருக்கும். அது பழுதானால் இணைப்பு துண்டிக்கப்படும்படிதான் செய்திருப்பார்கள். மலிவுச் சார்ஜரில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுவிடுகிறார்கள். அது உடைந்தால் நேரே ஷார்ட் ஆகி, 230 வோல்ட் போனின் உடம்புக்கே வந்துவிடலாம். சார்ஜில் போட்டபடி போனைக் காதில் வைத்துப் பேசியவருக்கு ஷாக் அடிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் பழைய சார்ஜர், பெயரில்லாச் சார்ஜர் இரண்டுமே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேபிள்

கேபிளில் கம்பெனிப் பெயருக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை, கம்பிக்குத்தான் கொடுக்க வேண்டும். சில கேபிள்களின் மேலுறையில் 28 ஏ.டபிள்யூ.ஜி., 24 ஏ.டபிள்யூ.ஜி. என்று அச்சடித்திருக்கும். எண் சிறிதானால் கம்பி தடிமன். ஒரு மீட்டர் 28 நம்பர் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால், போகவும் வரவுமாகச் சேர்த்து ஏறக்குறைய 0.85 வோல்ட் வழியிலேயே இழக்கும். சார்ஜரில் கிளம்பிய 5 வோல்ட், போனுக்கு 4.15 ஆகத்தான் சேரும். போன் அதைப் பார்த்து இழுவையைக் குறைத்துக்கொள்ளும். 24 நம்பர் கம்பியில் அதே இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியம் போட்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். மூன்று மீட்டர் மலிவு கேபிளில் சார்ஜ் ஏறாததன் ரகசியம் இவ்வளவுதான். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள்.

இரு பக்கமும் டைப் சி உள்ள கேபிள் சாதாரணமாக 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனையில் ஈ-மார்க்கர் என்ற சில்லு இருக்கும். சாம்சங் 45 வாட் சார்ஜருக்கும் இந்த 5 ஆம்பியர் கேபிள்தான். 60 வாட் கேபிளில் 100 வாட் சார்ஜரைப் போட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை, 60ஓடு நின்றுவிடும்.

இன்னொன்று: சார்ஜ் நன்றாக ஏறுகிற டைப் சி கேபிளில் ஃபைல் வேகமாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை பழைய 480 மெகாபிட் வேகம்தான். வெளி எஸ்.எஸ்.டி.க்கு வாங்குவதானால் 10 கிகாபிட் என்று எழுதியதைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

சில நூறு ரூபாய்க்கு யூ.எஸ்.பி. மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட் காட்டும். வீட்டில் ஏழெட்டுக் கேபிள் குவிந்து கிடப்பவர்கள் இதை ஒன்று வாங்கி, ஒரே சார்ஜர், ஒரே போன், பேட்டரி 20 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு கேபிளையும் போட்டுப் பாருங்கள். 80 சதவீதம் ஏறிய போனில் சோதித்தால் எல்லாக் கேபிளும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் போனே இழுவையைக் குறைத்திருக்கும்.

பழைய கேபிளை யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். முனையில் பச்சைப் பூச்சோ கருப்புப் புள்ளியோ இருந்தால் மட்டும் வேண்டாம். ஈரத்தில் அரித்த முனை போனின் போர்ட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

பவர் பேங்க்

10,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். அதாவது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது ஏற்படும் இழப்பும் போக, கைக்குக் கிடைப்பது 6,000 எம்.ஏ.எச். சுற்றித்தான். நேர்மையான கம்பெனி இதையும் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

சோதிக்க நல்ல கருவி மளிகைக் கடைத் தராசு. உருளை வடிவ 18650 செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். வழக்கமாகக் கிடைப்பவற்றில் நல்லதே ஏறக்குறைய 3,500 எம்.ஏ.எச்.தான். அப்படியென்றால் 10,000க்கு மூன்று நான்கு செல்லாவது வேண்டும். தட்டை செல் கொஞ்சம் இலேசு. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 160 கிராம்கூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடவும் முடியாது, உள்ளே இரும்புத் துண்டு வைத்து எடை கூட்டுபவர்களும் உண்டு. ஒற்றை 18650 செல்லில் 9,900 என்று எழுதி விற்கிறார்களே, அது பச்சைப் பொய்.

பழைய பவர் பேங்க் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை ஏறி இறங்கியது, வெயிலில் காருக்குள் கிடந்ததா, கீழே விழுந்ததா, எதுவும் தெரியாது. பாலக்காட்டு மேட மாதத்து, அதாவது சித்திரை, வெயிலில் மூடிய காரின் டாஷ்போர்டில் வைத்த லித்தியம் செல் எவ்வளவு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓரம் பிதுங்கியிருந்தாலோ மேசையில் வைத்தால் ஆடினாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது, ஊசியால் குத்தி அமுக்கவும் கூடாது, சாதாரணக் குப்பையில் போடவும் கூடாது. எரியாத இடத்தில், பீங்கான் சட்டியிலோ மணலிலோ வைத்துவிட்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

வளைகுடா போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பொதுவாக 100 வாட்-மணி வரை கொண்டுபோகலாம். 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-மணி, அதனால் பிரச்சினையில்லை. ஆனால் அந்த எழுத்து அழிந்துபோயிருந்தால் கொச்சியிலோ கோவையிலோ சோதனையில் எடுத்து வைத்துவிடலாம்.

வளைகுடாச் சாமான்

இந்தப் பக்கத்தில் இது தனிப் பிரச்சினை. அங்கிருந்து வரும் சார்ஜர் பெரும்பாலும் அசல்தான். தரத்தில் குறை இல்லை. சிக்கல் பின்னில். மூன்று தட்டைப் பின் நம் பிளக்கில் நுழையாது. உடனே 30 ரூபாய் கன்வெர்ட்டரைப் போட்டுவிடுவார்கள். அதில் பிடி தளர்ந்து தீப்பொறி வரும், பிறகு உருகும். சார்ஜர் ஆயிரக்கணக்கில், தீப்பிடிப்பது அந்த 30 ரூபாய்ச் சாமானில்.

லேப்டாப் அடாப்டரென்றால் கன்வெர்ட்டரே வேண்டாம். சுவரிலிருந்து அடாப்டர் கட்டிக்கு வரும் கம்பி தனியே கழன்று வரும். அதை மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நம்மூர்க் கம்பியாக மாற்றிவிட்டால் முடிந்தது. கட்டியின் பக்கம் மூன்று துளை உள்ளதா இரண்டு துளை உள்ளதா என்று பார்த்து, பழைய கம்பியைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். ஆப்பிள் சார்ஜர் சிலவற்றில் பின் இருக்கும் தலை மட்டும் கழன்று வரும், இந்தியத் தலை போடலாம். இரண்டும் இயலாதபோது மட்டும், கன்வெர்ட்டருக்குப் பதில் எல்லா வகைப் பின்னும் நுழைகிற, தெரிந்த கம்பெனியின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வாங்குங்கள்.

எந்த நாட்டிலிருந்து வந்ததானாலும் அதன் மேல் இன்புட் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு 230இல் செருகிய நொடியில் போய்விடும். இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி தருகின்றன. சொந்தக்காரர் விலைக்குக் கொடுத்தால், வாரண்டி இல்லாத பொருளுக்குரிய விலைதான் அதற்கு.

லேப்டாப் அடாப்டர், ரூட்டர் அடாப்டர்

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஆளியாற்று வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் வயல் தன் மடையளவுக்குத்தான் எடுக்கும். ஆம்பியரும் அப்படித்தான், கூடுதலாக இருப்பதால் லேப்டாப் கெடாது. குறைவாக இருந்தால்தான் அடாப்டர் கொதிக்கும். 65 வாட்டில் டெல் 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர், லெனோவோ 20 வோல்ட் 3.25 ஆம்பியர், ஏசர் 19 வோல்ட் 3.42 ஆம்பியர். 19க்கும் 19.5க்கும் உள்ள வித்தியாசம் பொருட்டல்ல, முனையின் அளவும் உள் பின்னும்தான் பொருட்டு.

டெல் லேப்டாப்பின் முனை நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். மலிவு மாற்றில் அதற்கான சில்லு இல்லாமலோ ஊசி வளைந்தோ இருந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். பேட்டரி போய்விட்டதென்று நினைத்துப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். டெல்லுக்கு, கழற்றி விற்ற பழைய அசல் அடாப்டர், புதிய பெயரில்லா அடாப்டரைவிட மேல். பழையது வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. கம்பி விறைத்து வெடித்திருக்கக் கூடாது, குலுக்கினால் சத்தம் வரக் கூடாது, கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் போட்டு 'சார்ஜிங்' என்று வருவதைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

ரூட்டர் அடாப்டரில் நடப்பதே வேறு. முனை எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வோல்ட் வேறாக இருக்கும். பல ரூட்டர் 12 வோல்ட், சில 9 வோல்ட். 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் போட்டால் போய்விடலாம். ரூட்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நடுப்பின் பாசிட்டிவ் என்று காட்டும் குறியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடி

மேடம், இடவம் (சித்திரை, வைகாசி) மாதங்களின் பிற்பகல் மழையிலும் துலாவர்ஷத்திலும், அதாவது ஐப்பசி கார்த்திகையிலும், இங்கே ரூட்டரும் அடாப்டரும் கூட்டமாகச் சாகின்றன. இதற்குக் கடையில் கிடைக்கும் மருந்து ஸ்பைக் பஸ்டர். அதற்குள் வேலை செய்வது எம்.ஓ.வி. என்ற சிறு வில்லை. ஒவ்வொரு மின்னெழுச்சியையும் வாங்கி வாங்கி அது தேயும். எனவே பழைய ஸ்பைக் பஸ்டர் வாங்குவதில் பொருளே இல்லை, அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மட்டுமே மிஞ்சியிருக்கும். பாதுகாப்பு விளக்கு தனியாக உள்ளதாகப் பார்த்துப் புதிதே வாங்குங்கள், அந்த விளக்கு அணைந்துவிட்டால் மாற்றுங்கள். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல ஸ்பைக் பஸ்டரும் பாதி வேலைதான் செய்யும். வானம் இருண்டதும் பிளக்கையும் லேன் கம்பியையும் பிடுங்கிவிடுவதுதான் இவை எல்லாவற்றிலும் மேலானது, அதற்குச் செலவும் இல்லை.

மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க்

ஆன்லைனில் 512 ஜி.பி. கார்டு நம்ப முடியாத விலையில் வந்தால் நம்பாதீர்கள். உள்ளே 16 அல்லது 32 ஜி.பி.தான் இருக்கும், 512 என்று பொய் சொல்லும்படி கார்டின் சில்லை மாற்றியிருப்பார்கள். ஃபார்மேட் செய்தாலும் 512 என்றே காட்டும். முதல் 16 ஜி.பி. நன்றாகப் பதியும், அதற்கு மேல் எழுதியதெல்லாம் பழையதன் மேல் விழும் அல்லது காணாமல் போகும். மாதம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

அதனால் வாங்கிய அன்றே முழுக் கார்டையும் நிரப்பிச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு முழுவதும் எழுதி, பிறகு படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 64 ஜி.பி. கார்டு நொடிக்கு 20 எம்.பி. வேகத்தில் எழுதினால் எழுதுவதற்கு மட்டும் ஏறக்குறைய 55 நிமிடம். போலிக் கார்டானால் அதில் ஏற்கெனவே உள்ளது அழிந்துவிடலாம் என்பதால் காலியான கார்டில்தான் செய்ய வேண்டும்.

தோப்பில், கோழிப்பண்ணையில் கேமரா வைத்திருப்பவர்கள் சாதாரணக் கார்டு போடாதீர்கள். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு 'ஹை எண்டியூரன்ஸ்' என்று தனியே இருக்கிறது. இந்த ஒரு பொருளில் தெரிந்த கம்பெனியின் அசலுக்கே போங்கள், பழையது கூடாது. கேமராவுக்கு லேன் கம்பி இழுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: செம்பு பூசிய அலுமினியக் கம்பியில் பகலெல்லாம் கேமரா ஓடும், இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் இழுவை கூடி, வோல்ட் விழுந்து, கேமரா அணைந்து அணைந்து எரியும். தோப்பு ஓரத்துக் கேமராவில்தான் இது முதலில் தெரியும். முழுச் செம்பு என்று எழுதிய கம்பியை, பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண் பூச்சியமாக இருக்க வேண்டும். சி7இல் எண் இருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். மேலே ஓடிய மணி நேரம் காட்டும். ஆண்டுக்கு 8,760 மணி. 26,000 மணிக்கு மேல் இருந்தால் மூன்று ஆண்டு நிறுத்தாமல் சி.சி.டி.வி. பெட்டிக்குள் ஓடியது என்று ஊகிக்கலாம். கீறலும் தூசியுமாக இருக்கும் டிஸ்க் பூச்சிய மணி காட்டினால் கணக்கை அழித்திருக்கிறார்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தயங்காமல் பழையதாக வாங்கக்கூடியவை

மானிட்டர், கம்பியுள்ள கீபோர்டு, மானிட்டர் ஸ்டாண்டு, லேப்டாப் டாக் (கூடுதல் போர்ட் தரும் பெட்டி), எச்.டி.எம்.ஐ. கேபிள். அலுவலகங்கள் மொத்தமாகக் கழிக்கும் டெல், எச்.பி. மானிட்டர்கள் கோவையிலும் எர்ணாகுளம் பென்டா மேனகாவிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். புதிதின் விலையில் பாதிக்கு மேல் சொன்னால் விட்டுவிடுங்கள், வாரண்டி இல்லாத பொருளுக்கு அது அதிகம். போனில் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து முழுநிறப் படங்களைச் சேமித்து எடுத்துப்போய் மானிட்டரில் காட்டிப் பாருங்கள்; இறந்த புள்ளி எந்த நிறத்தில் ஒளிந்திருந்தாலும் தெரியும். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஓரங்கள் மஞ்சளிக்கிறதா, வெளிச்சம் துடிக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ.யில் தங்கப்பூச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுதாக வரும், போதாவிட்டால் புள்ளி பறக்கும் அல்லது திரை அணையும். 'கொஞ்சம் தெளிவு கூடும்' என்பது இல்லை. 4கே டிவிக்கு 18 கிகாபிட் கேபிள், 5 மீட்டருக்குள், அவ்வளவு போதும்.

மவுஸ் பழையதானால் இடது பட்டனை நிதானமாக ஐம்பது முறை ஒற்றையாக அமுக்குங்கள். இடையில் ஒரு முறை இரட்டையாக விழுந்தாலும் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. புளூடூத் இயர்பட்ஸ் பழையது வேண்டாம்: குன்றிமணி அளவு பேட்டரி, மாற்றவும் வழியில்லை, காதுச் சுத்தம் வேறு. ஏர்பாட்ஸ் நகல்கூட ஐபோன் பக்கத்தில் திறந்தால் அசல்போலவே படம் காட்டும், அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. டெம்பர் கிளாஸ், பவுச் இவற்றில் மலிவானதே போதும்.

பில்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிதான். அங்கே வரி கம்மி, இங்கே கம்மி என்ற பழைய பேச்சில் இப்போது ஒன்றுமில்லை. வித்தியாசம் பில் கொடுக்கும் கடைக்கும் கொடுக்காத கடைக்கும்தான். பொள்ளாச்சியில் "அண்ணா, பில் போட்டுக் கொடுங்க", பாலக்காட்டில் "சேட்டா, பில்லு வேணும்" என்று விலை பேசும் முன்பே சொல்லிவிடுங்கள். "பில் வேணும்னா விலை கூடும்" என்றால், பின்னால் பேசுவதற்கு ஆதாரம் இல்லாமல் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. பாலக்காட்டுக் கடை பில்லில் வேறு எண்ணில் தொடங்கினால் கேளுங்கள், ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டால் கடைப் பெயர் வரும். வெறுமனே 'சார்ஜர் 1' என்று எழுதாமல் பிராண்டும் மாடலும் எழுதச் சொல்லுங்கள். பழையதானாலும் வெள்ளைத் தாளிலாவது 'ஏழு நாள் மாற்றித் தரப்படும்' என்று எழுதி, முத்திரை வைத்து வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் பெயரைப் பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, விற்பவர் வேறு. 'ரிட்டர்ன்' என்றால் காசு திரும்பும், 'ரீப்ளேஸ்மென்ட்' என்றால் அதே பொருள்தான் மறுபடி வரும். முத்திரையை உடைக்கும் முன்பிருந்தே, முகவரிச் சீட்டு தெரியும்படி, நிறுத்தாமல் வீடியோ எடுத்துவையுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவையில் வாங்கியதற்குக் கோவைக்கு அலைய வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம். சித்தூர் தாலுகாக்காரர் பாலக்காட்டிலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில், பெட்டியின் படம், ஆர் எண் சரிபார்த்த ஸ்கிரீன்ஷாட், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய நான்கையும் சேர்த்து வையுங்கள்.